ஸ்டடி மாடல்: டிசைன் ஸ்டுடியோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக்கலை படிக்கிறவர்கள் டிசைன் ப்ராஜெக்ட் நடக்கும்போது என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. பாதிப் பேர் அட்டையில் கத்தி வைப்பதற்கு முன்பே தயங்கி நின்றுவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் போக வேண்டும் என்பதற்காக, அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். முதல் முறை வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

ஸ்டடி மாடல்னா என்ன? ஃபைனல் மாடலையே சீக்கிரமா செஞ்சுட்டா ஆகாதா?

ஃபைனல் மாடல், முடிவான டிசைனை மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு. ஸ்டடி மாடல், இன்னும் முடிவாகாத ஒன்றை நீங்களே தெரிந்துகொள்வதற்கு. "இந்த இரண்டு பிளாக்குக்கும் நடுவில் முற்றம் வைத்தால் இருட்டடித்துவிடுமா?" என்று ஒரு சந்தேகம் வருகிறது. எவ்வளவு நேரம் பேசினாலும் அது தீராது. நாலு அட்டைத் துண்டுகளை வெட்டி நிறுத்தி, டார்ச் அடித்து, குனிந்து பார்த்தால் கால் மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும். அந்த நாலு துண்டுதான் ஸ்டடி மாடல்.

ஃபைனல் மாடலைச் சீக்கிரம் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்த்துப் பார்த்துச் செய்த ஒன்றில் கத்தி வைக்க மனசு வராது. கூரை சரியில்லை என்று தெரிந்தாலும், கூரையைப் பிய்க்காமல் அதற்கு ஒரு காரணம் தேட ஆரம்பித்துவிடுவோம். கூசாமல் பிய்த்துப் போட முடிகிற அளவுக்குத்தான் ஸ்டடி மாடலில் உழைப்பு இருக்க வேண்டும்.

இன்னும் கான்செப்ட்டே கிடைக்கல. எதை வெச்சு மாடல் பண்றது?

கான்செப்ட் கிடைத்த பிறகு மாடல் என்று காத்திருக்காதீர்கள். மாடல் செய்துகொண்டிருக்கும்போதுதான் பலருக்குக் கான்செப்ட் பிடிபடுகிறது. முதல் வேலை சைட். எல்லை, ரோடு, பக்கத்துக் கட்டடங்கள், பெரிய மரங்கள் இவற்றை மட்டும் ஒரு பலகையில் ஒட்டுங்கள். இதற்கு எந்த ஐடியாவும் தேவையில்லை, அளவெடுத்தால் போதும்.

இரண்டாவது வேலை, ப்ரோக்ராமை, அதாவது கட்டடத்துக்குத் தேவையான இடங்களின் பட்டியலை, ஸ்கேலுக்குச் சரியாகத் துண்டு போடுவது. 20 மீட்டருக்கு 10 மீட்டர், 4 மீட்டர் உயரமுள்ள ஹால் என்றால் 1:200-ல், அதாவது நிஜத்தின் இருநூறில் ஒரு பங்கில், அது 10 செ.மீ நீளம், 5 செ.மீ அகலம், 2 செ.மீ உயரம். இப்படி எல்லா இடங்களையும் ஃபோமில் வெட்டி சைட் மேல் வையுங்கள். சைட்டில் இடம் தாராளமாக இருக்கிறதா, நெருக்கடியா, மாடி ஏறியே ஆக வேண்டுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். அட்டவணையில் சதுர மீட்டர் கணக்காகப் படிக்கும்போது இது உறைக்காது.

அதற்கு அப்புறம் துண்டுகளை ஏதாவது ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நகர்த்துங்கள். அடுக்கு, பிள, மடி, புதை, தொங்கவிடு, சுற்றி நிறுத்து. 'அமைதி', 'ஒற்றுமை' மாதிரிச் சொற்களைக் கையில் எடுத்தால் கத்திக்கு வேலையே வராது. 'பிள' என்றால் எங்கே, எவ்வளவு அகலத்துக்கு என்ற கேள்வி உடனே வந்துவிடும்.

கான்செப்ட் மாடல், மாஸிங் மாடல் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. மாஸிங் மாடலில் ஸ்கேல் இருக்கும். கட்டடத்தின் மொத்த உருவம், உயரம், அக்கம்பக்கத்தோடு அது எப்படி நிற்கிறது என்பதைக் காட்டும். கான்செப்ட் மாடலுக்கு ஸ்கேல் கட்டாயமில்லை. ஒரே ஒரு எண்ணத்தை, உதாரணத்துக்குக் கனமான கல் மேல் லேசான கூரை மிதக்கிறது என்பதை, அது மட்டும் துல்லியமாகத் தெரியும்படிச் சொன்னால் போதும்.

கான்செப்ட் மாடலைப் பார்த்துவிட்டு வேறொருவர் "சரி, இதை வைத்து என்ன முடிவு எடுப்பாய்?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அது வெறும் சிற்பமாக நின்றுவிட்டது என்று அர்த்தம்.

எந்த ஸ்கேல்ல செய்யணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஊரும் தெருவும் சேர்த்துப் பார்க்க 1:500. முழுக் கட்டடத்தின் உருவத்துக்கு 1:200. உள்ளே நடந்து போவது எப்படி இருக்கும் என்று பார்க்க 1:100. ஒரு அறை, ஒரு படிக்கட்டு, ஒரு ஜன்னலோரம் என்றால் 1:50. மூன்று மீட்டர் மாடி உயரம் இந்த நாலிலும் முறையே 6, 15, 30, 60 மி.மீ ஆகும். ஆறு மி.மீ உயரத்துக்குள் ஜன்னல் டிசைன் செய்ய முடியாது, அதுதான் 1:500-ன் நன்மை. ஜன்னலைப் பற்றி யோசிக்கவே அது விடாது.

இன்னொரு கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 60 மீட்டருக்கு 40 மீட்டர் சைட் 1:500-ல் 12 × 8 செ.மீ, 1:200-ல் 30 × 20, 1:100-ல் 60 × 40. ஒரு கையால் தூக்கிக் கண்ணுக்கு நேராகத் திருப்பிப் பார்க்க முடிகிற அளவுதான் ஆரம்ப நாட்களுக்கு நல்லது. மேஜையை விட்டு நகராத மாடலை எல்லாரும் மேலிருந்தே பார்க்கிறார்கள். கடைசியில் கூரை மட்டும் நன்றாக வந்த டிசைன் கிடைக்கிறது.

என்னென்ன மெட்டீரியல் வாங்கி வெச்சுக்கணும்?

வாங்குவதற்கு முன் வீட்டில் கிடப்பதைப் பாருங்கள். பார்சல் வந்த நெளி அட்டை, பழைய காலண்டர் அட்டை, டூத்பிக், மெல்லிய கம்பி, பேக்கிங் தெர்மோகோல், பழைய ஷீட்களின் பின்பக்கம். முதல் பத்து மாடலுக்கு இவையே தாராளம்.

மெட்டீரியலுக்கு ஒரு குணம் உண்டு, உங்கள் டிசைனை அது தன் பக்கம் இழுக்கும். ஃபோமில் ஆரம்பித்தால் கட்டி கட்டியான கட்டடம் வரும். அட்டையில் ஆரம்பித்தால் சுவரும் தளமுமாக, பலகை பலகையாக வரும். குச்சியும் கம்பியும் சட்டகத்தைத் தரும். காகிதம் மடிப்பைத் தரும். களிமண்ணோ மாடலிங் க்ளேயோ எடுத்தால் தோண்டத் தோன்றும். ஒரு டிசைன் முட்டிக்கொண்டு நிற்கும்போது, அதே பிளானை வேறு மெட்டீரியலில் செய்து பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். ஃபோமில் மூடிக் கிடந்த இடம் குச்சியில் செய்யும்போது திறந்துகொள்ளும்.

தடிமனையும் கவனியுங்கள். ஐந்து மி.மீ ஃபோம் போர்டு (இரண்டு காகிதத்துக்கு நடுவில் நுரை வைத்த பலகை) 1:50-ல் 25 செ.மீ சுவர், நியாயமான சுவர்தான். அதே போர்டு 1:100-ல் அரை மீட்டர், 1:200-ல் ஒரு மீட்டர், 1:500-ல் இரண்டரை மீட்டர். 1:200 மாடலை ஃபோம் போர்டில் செய்துவிட்டு "உள்ளே இடமே இல்லை" என்று குழம்புகிறவர்கள் உண்டு. இடத்தைச் சுவர் தின்றுவிட்டது. அந்த ஸ்கேலுக்கு ஒரு மி.மீ அட்டை சரியாக இருக்கும்.

கலரைப் பொறுத்தவரை, ஒரு மாடலில் ஒரே மெட்டீரியல், அதிகம் போனால் இரண்டு. புதிதாக வருவது ஒன்று, ஏற்கெனவே இருப்பது ஒன்று. செங்கல் டிசைன் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டாதீர்கள். கண் உடனே அங்கே போய்விடும், உருவத்தைப் பார்க்காது.

எந்தப் பசை? ஒட்டினா தெர்மோகோல் உருகிப் போகுது.

தெர்மோகோலும் நீல ஃபோமும் பாலிஸ்டைரீன். சால்வெண்ட் கலந்த பசை அதைக் கரைத்துவிடும், சூப்பர் க்ளூவும் அரித்துவிடும். வெள்ளைப் பசை, இருபக்க டேப், குண்டூசி இவை பாதுகாப்பானவை. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய அட்டை வளையும். பசையை ஒரு துண்டு அட்டையால் மெல்லியதாக இழுத்துத் தடவி, காயும்வரை மேலே புத்தகம் ஏற்றி வைத்தால் வளையாது.

ஆனால் ஸ்டடி மாடலில் எதையாவது ஒட்டத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பேஸையும் நிரந்தரமான அக்கம்பக்கத்தையும் ஒட்டுங்கள். மாறக்கூடியதைக் குண்டூசியிலும் மாஸ்கிங் டேப்பிலும் நிறுத்துங்கள். ஆசிரியர் "இதைக் கொஞ்சம் தள்ளி வை" என்று சொல்லும்போது அங்கேயே தள்ளி வைக்க முடிய வேண்டும்.

கட்டர்ல வெட்டினா ஓரம் பிசிறு பிசிறா வருது. கை நடுங்குதா, கத்தி சரியில்லையா?

பெரும்பாலும் கத்தி மழுங்கியிருக்கும். முனையை உடைத்துப் புது முனை எடுக்க நிறையப் பேர் தயங்குகிறார்கள். அட்டை வெட்டும்போது முனைதான் முதலில் தேயும். ஓரம் கிழிய ஆரம்பித்த அந்த நிமிடமே உடைத்துவிடுங்கள். மழுங்கிய கத்தியை அழுத்திப் பிடிக்கும்போதுதான் அது வழுக்கி விரலில் ஏறுகிறது.

ஃபோம் போர்டை ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள். முதல் இழுப்பு மேல் காகிதத்துக்கு மட்டும், கிட்டத்தட்ட எடையே கொடுக்காமல். இரண்டாவது நடுவில் உள்ள நுரைக்கு. மூன்றாவது கீழ்க் காகிதத்துக்கு. மூன்று இழுப்பிலும் கத்தி ஒரே சாய்வில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சரிந்து, மூலை சேராது. ஸ்டீல் ஸ்கேலை உங்களுக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள். கத்தி விலகினாலும் கழிவுப் பக்கம்தான் கெடும். ஸ்கேலைப் பிடிக்கும் விரல் நுனிகள் அதன் ஓரத்தைத் தாண்டி வெளியே வரக்கூடாது. முடிந்தால் நின்றுகொண்டு வெட்டுங்கள், கத்தியை உடம்போடு சேர்த்து நேராக இழுக்க வரும்.

மூலையில் நுரை வெளியே தெரிவது பிடிக்கவில்லை என்றால், ஒரு துண்டின் ஓரத்தில் அட்டைத் தடிமன் அளவுக்கு நுரையை மட்டும் சீவி எடுத்து, வெளிக்காகிதத்தை விட்டுவையுங்கள். அடுத்த துண்டின் ஓரத்தை அந்தக் காகிதம் மூடிக்கொள்ளும். இது பிற்கால மாடல்களுக்கு. ஆரம்ப மாடலில் நுரை தெரிந்தால் தெரியட்டும்.

சைட் சரிவா இருக்கு. கான்டூர் எல்லாம் அடுக்கியே ஆகணுமா?

சரிவுதான் டிசைனை நடத்தப் போகிறது என்றால் ஆமாம். கான்டூர் என்பது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு. அதன் இடைவெளியையும் அட்டைத் தடிமனையும் பொருத்திக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் கான்டூர் 1:500-ல் 2 மி.மீ அட்டை, 1:200-ல் 5 மி.மீ. நெளி அட்டை கிடைக்கும் தடிமனில் இருக்கும், அதனால் முதலில் அளந்து பார்த்துவிட்டு இடைவெளியை முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் அடுத்த கான்டூரின் கோட்டைப் பென்சிலில் போட்டுக்கொண்டால் மேல் அடுக்கு எங்கே உட்கார வேண்டும் என்று தெரியும். ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா அடுக்கி ஒரு முறை சரிபாருங்கள்.

அட்டையை மிச்சப்படுத்த, மேல் அடுக்குக்கு அடியில் ஒன்றரை செ.மீ மட்டும் நீட்டிவிட்டு உள்ளே காலியாக விடுவது உண்டு. கட்டடம் உட்காரும் பகுதியில் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே மண்ணை வெட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், வெட்டினால் ஓட்டைதான் தெரியும். அந்தப் பகுதியை மட்டும் தனித் துண்டாக, கழற்றி மாட்டும்படி அடுக்கி இரண்டு மூன்று செட் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் புதைப்பதா, தூண் மேல் நிறுத்துவதா, படியாக வெட்டுவதா என்ற விவாதம் அந்தத் துண்டுகளை மாற்றி மாற்றி வைக்கும்போது சட்டென்று முடிந்துவிடும்.

எத்தனை மாடல் செய்யணும்? ஒண்ணுக்கு எவ்வளவு நேரம்?

ஆரம்பத்தில் ஒரு மாடலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போனால், அளவுக்கு மீறி முடிவெடுத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஒரே கேள்விக்குக் குறைந்தது மூன்று விடை. ஒன்று மட்டும் இருந்தால் அதை ஆதரித்தே பேசுவீர்கள். இரண்டு இருந்தால் இது நல்லது, அது கெட்டது என்று ஆகிவிடும். மூன்று வந்தால்தான் ஒன்றின் கூரையை இன்னொன்றின் முற்றத்தோடு சேர்க்கத் தோன்றும்.

மூன்றும் ஒரே ஸ்கேல், ஒரே மெட்டீரியல், ஒரே பேஸில் உட்காரும்படி இருக்க வேண்டும். ஒன்று வெள்ளையில் பளிச்சென்றும் இன்னொன்று பார்சல் அட்டையிலும் இருந்தால், ஒப்பிடுவது டிசைனை அல்ல, அட்டையை.

ஸ்கெட்ச்அப், ரைனோன்னு 3D மென்பொருள் எல்லாம் இருக்கே. கையால எதுக்கு?

இரண்டும் வேண்டும். பரப்பளவு கணக்கு, ஒரே மாற்றத்தை நாற்பது இடத்தில் செய்வது, துல்லியமான நிழல் நேரம் இதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் வசதி. ஆனால் திரையில் எதற்கும் சொந்த அளவு கிடையாது. ஜூம் செய்தால் கைப்பிடியும் கட்டடம் அளவுக்கு நிற்கும். அதனால் 1:500-ல் யோசிக்க வேண்டிய நேரத்தில் கைப்பிடி டிசைன் செய்துகொண்டிருப்போம். கை மாடலில் ஸ்கேல் உங்களைக் கட்டிப்போடும். நாலு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் பார்க்கலாம், கை வைத்து மாற்றலாம். தற்செயலாகச் சாய்ந்து விழுந்த துண்டு நல்ல யோசனை தருவதும் இங்கேதான் நடக்கும்.

1997-ல் திறக்கப்பட்ட ஸ்பெயினின் பில்பாவ் குகன்ஹைம் மியூசியத்தைக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரியின் அலுவலகம் முதலில் கையால் செய்த மாடல்களில்தான் தேடியது. பிறகு அவற்றை அளவெடுத்து, விமானத் தொழிலுக்காக உருவான கட்டியா மென்பொருளில் ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் அந்தக் கட்டடம் எழுந்திருக்காது, ஆனால் உருவம் கையில் பிறந்தது. நீங்களும் முற்றத்தின் அகலத்தைக் கையில் தேடிவிட்டு, மாலையில் அதைத் திரையில் ஏற்றிப் பரப்பளவு பாருங்கள்.

லேசர் கட்டிங் கொடுத்தா சீக்கிரம் முடியாதா?

லேசருக்குக் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். கோடு போட்டுவிட்டீர்கள் என்றால் முடிவெடுத்துவிட்டீர்கள். அதனால் கான்டூர் பேஸுக்கும் அக்கம்பக்கக் கட்டடங்களுக்கும் லேசர் மிக நல்லது, தேடும் பகுதிக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பிவிசி கலந்த எந்த ஷீட்டையும் லேசரில் வைக்கக்கூடாது. சன் போர்டு என்று விற்கப்படுவது பெரும்பாலும் பிவிசி ஃபோம்தான். சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது மூச்சுக்குக் கெடுதல், மெஷினையும் அரிக்கும். சூட்டுக் கம்பியில் ஃபோம் வெட்டும்போதும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உள்ளே வெளிச்சம் எப்படி விழும்னு மாடல்ல உண்மையாவே தெரியுமா?

தெரியும், ஸ்டடி மாடலின் மிகப் பெரிய பலமே இதுதான். ஒளியின் அலைநீளம் மாடலோடு ஒப்பிட்டால் மிக மிகச் சிறியது. அதனால் அறையைச் சுருக்கினாலும், வடிவமும் சுவர்கள் ஒளியைத் திருப்பும் அளவும் மாறாத வரை, வெளிச்சம் நிஜ அறையில் போலவே பரவும். 1:50-ல் அல்லது இன்னும் பெரிதாக 1:20-ல் செய்யுங்கள். சுவரின் தடிமன் நிஜ ஸ்கேலில் இருக்கட்டும். 20 செ.மீ சுவர் என்றால் 1:50-ல் 4 மி.மீ. மெல்லிய காகிதத்தில் ஜன்னல் வெட்டினால், நிஜத்தில் சுவரின் ஆழம் தடுக்க வேண்டிய வெளிச்சமும் உள்ளே வந்துவிடும். உட்பக்க நிறம் நிஜ நிறத்துக்கு அருகில் இருக்க வேண்டும். தரை சாம்பல் என்றால் சாம்பல் அட்டைதான், வெள்ளை வைத்தால் பொய் சொல்லும். மூலைகளில் வெளிச்சம் கசியாமல் வெளியிலிருந்து கறுப்பு டேப் சுற்றுங்கள். கண் வைத்துப் பார்க்க ஒரு ஓட்டை, போன் வைக்க இன்னொன்று.

வெயில் எந்தக் கோணத்தில் வரும் என்பது கணக்கு. உங்கள் அட்சரேகைக்கும் அன்றைய சூரியச் சாய்வுக்கும் (அன்று நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் அட்சரேகை; தெற்கை மைனஸாக எடுங்கள்) உள்ள வித்தியாசத்தை 90-லிருந்து கழித்தால் நண்பகல் சூரியனின் உயரக் கோணம். சாய்வு ஜூன் 21 ஒட்டி வடக்கே 23.4 டிகிரி, டிசம்பர் 21 ஒட்டி தெற்கே 23.4, மார்ச்சிலும் செப்டம்பரிலும் சம இரவு நாளில் பூஜ்யம். வடக்கு 40-ல் ஜூன் நண்பகல் 73.4, டிசம்பர் நண்பகல் 26.6, இரண்டிலும் சூரியன் தெற்கே. வடக்கு 10-ல் ஜூனில் 76.6, ஆனால் அப்போது சூரியன் வடக்கே நிற்கும். வடக்கு ஜன்னலுக்கு நேரடி வெயிலே வராது என்று எங்கோ படித்ததை வெப்பமண்டலத்தில் அப்படியே நம்பினால் வம்பு. டார்ச்சை மாடலிலிருந்து முடிந்தவரை தள்ளி அந்தக் கோணத்தில் பிடியுங்கள், கிட்டே பிடித்தால் நிழல்கள் விரிந்து ஏமாற்றும்.

அக்கா, மாடல் அசையாம நிக்குது. அப்போ கட்டடமும் நிக்கும்தானே?

இல்லை. வெளிச்சம் ஸ்கேல் மாறினாலும் ஒத்துப்போகும், பலம் ஒத்துப்போகாது. 1:100 மாடலை அதே பொருளில் நிஜ அளவுக்குப் பெருக்கினால் நீளம் 100 மடங்கு, தூணின் குறுக்குவெட்டு 10,000 மடங்கு, எடை 10,00,000 மடங்கு. அப்படியானால் தூணில் ஒவ்வொரு சதுர மி.மீட்டரும் 100 மடங்கு அழுத்தத்தைச் சுமக்க வேண்டும். இதை 1638-லேயே கலிலியோ எழுதிவிட்டார். தீக்குச்சியில் நீட்டிய பால்கனி கம்பீரமாக நிற்கும், நிஜத்தில் அதே விகிதத்தில் நீட்ட முடியாமல் போகலாம்.

ஆனால் விசை எந்த வழியாகப் போக விரும்புகிறது என்கிற வடிவத்தை மாடல் நேர்மையாகச் சொல்லும். பார்சிலோனாவுக்கு அருகே கொலோனியா குவேல் தேவாலயத்துக்காகக் கட்டடக்கலைஞர் ஆன்டனி கௌடி 1:10 அளவில் நூல்களைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டினார். தொங்கும் நூலில் இழுவிசை மட்டுமே இருக்கும். அதைப் படமெடுத்துத் தலைகீழாக்கினால் அழுத்தம் மட்டுமே உள்ள வளைவுகள் கிடைக்கும். கட்டுமானம் 1908-ல் தொடங்கி 1914-ல் நின்றது, கீழ்த்தளம் மட்டுமே எழும்பியது. அந்த மாடல் கல்லின் பலத்தைச் சொல்லவில்லை, கல் எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று சொன்னது. உங்கள் மாடலிடமும் அதைக் கேட்கலாம்: ஒரு தூணை உருவிப் பாருங்கள், எது சாய்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். சைஸ் கணக்கு ஸ்ட்ரக்சர் வகுப்பில்.

வளைவான கூரை வேணும். அட்டை ஒத்துழைக்க மாட்டேங்குது.

தட்டையான தாள் சுருக்கமில்லாமல் ஒரு திசையில்தான் வளையும். உருளையும் கூம்பும் வரும், கோளம் வராது. அட்டை மறுக்கும்போது கொஞ்சம் காது கொடுங்கள். நிஜத்தில் தகடும், கான்கிரீட் வார்க்க அடிக்கும் ஷட்டரிங் பலகையும் அதே மறுப்பைத்தான் சொல்லும். ஒரு திசை வளைவு போதும் என்றால், அட்டையின் பின்புறம் இணையான கீறல்கள் போட்டு மெல்ல உருட்டுங்கள். இரு திசை வளைவு வேண்டும் என்றால் பழைய ஸ்டாக்கிங் துணியைக் கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் கூரைகளுக்குப் பின்னால் இருந்த கட்டடக்கலைஞர் ஃப்ரெய் ஓட்டோ, சோப்பு நுரைப் படலத்தில் இந்த வடிவங்களைப் படித்தவர்.

சிட்னி ஓபரா ஹவுஸின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். அதன் கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சன் 1957-ல் போட்டியில் வென்ற வடிவத்தைக் கட்ட ஒரு ஒழுங்கு கிடைக்கவில்லை. 1961-ல்தான் எல்லாக் கூரைகளும் ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகள் என்ற முடிவுக்கு வந்தார். அதனால் ஒரே அச்சில் வார்த்த பாகங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. ஒரு பழைய பிளாஸ்டிக் பந்தை வெட்டித் துண்டுகளை அடுக்கிப் பாருங்கள், இது உடனே புரியும்.

மரம், ஆள், கார் எல்லாம் வைக்கணுமா?

ஆள் கட்டாயம். 1:100-ல் 17 மி.மீ, 1:200-ல் எட்டரை மி.மீ. காகிதத்தில் வெட்டிய நிழலுருவம் போதும். ஆள் இல்லாத மாடலில் நாலு மாடியும் ஒரு மாடியும் ஒரே மாதிரித் தெரியும். மரம், நிழலோ மறைப்போ அதனால் மாறுகிறது என்றால் மட்டும். கார் வேண்டாம், பார்க்கிங்தான் உங்கள் பிரச்சினை என்றால் தவிர.

போன்ல போட்டோ எடுத்தா பொம்மை மாதிரி இருக்கு.

மேலிருந்து எடுத்திருப்பீர்கள். 1:100 மாடலில் ஆளின் கண் 16 மி.மீ உயரத்தில் இருக்கிறது. போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மேஜையை ஒட்டி வந்துவிடும், அந்த உயரத்தை நெருங்கலாம். ஒரே ஒரு விளக்கு அல்லது ஒரு பக்க ஜன்னல் வெளிச்சம், பின்னால் வெற்றுத் தாள். வேலை நடக்கும்போதே எடுங்கள். வெட்டிப் போட்ட பிறகு அந்த நிலை திரும்பாது, ஜூரிக்கு, அதாவது டிசைனை வைத்து விமர்சனம் கேட்கும் நாளுக்கு, முந்தின ராத்திரி அது தேவைப்படும்.

மாடல்ல சூப்பரா இருந்துச்சு. பிளான் போட்டா எதுவும் உட்கார மாட்டேங்குது!

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். மாடலில் விட்டுப்போனவை பிளானில் வந்து நிற்கின்றன: தளத்தின் தடிமன், டாய்லெட், நடைபாதை, முக்கியமாகப் படிக்கட்டு. மூன்று மீட்டர் ஏற 15 செ.மீ உயரத்தில் 20 ஏற்றம், 30 செ.மீ அகலத்தில் 19 மிதி. நேர்ப் படி என்றால் 5.7 மீட்டர், நடு மேடை தனி. 1:200-ல் அது கிட்டத்தட்ட 3 செ.மீ நீளத் துண்டு. அப்படி ஒரு துண்டையும் லிஃப்ட்டுக்கு ஒன்றையும் சிவப்பு அட்டையில் வெட்டி, ஆரம்ப மாடல்களிலேயே உள்ளே சொருகிப் பாருங்கள். அழகான மூன்று மாடலில் ஒன்று அப்போதே விலகிவிடும்.

மாடலை நேர் மேலிருந்து படமெடுத்து, ஸ்கேலுக்குப் பிரிண்ட் போட்டு, அதன் மேல் பட்டர் பேப்பர் (அடியில் உள்ளது தெரியும் மெல்லிய தாள்) வைத்து வரையுங்கள். மாடலைக் குறுக்கே வெட்டினால் செக்ஷன், அதாவது குறுக்குவெட்டுத் தோற்றம், கிடைக்கும், நிஜமாகவே கத்தியால் வெட்டுங்கள். வரைந்ததில் மாறியதை மறுபடி மாடலில் ஏற்றுங்கள். மாறிய பிறகு முற்றம் ஒடுங்கிப்போனால், அங்கேதான் உங்கள் டிசைனின் அடுத்த கேள்வி இருக்கிறது. இடத்தைக் குறைப்பதா, ஒரு மாடி ஏற்றுவதா என்று முன்னால் சொன்ன மாதிரி மூன்று விடை செய்யுங்கள்.

ஜூரில அசிங்கமான மாடலை எல்லாம் வைக்கலாமா?

வைக்க வேண்டும், ஆனால் குவித்து வைக்காதீர்கள். எந்தச் சந்தேகத்தில் தொடங்கினீர்கள், எதைப் பார்த்து எதைக் கைவிட்டீர்கள் என்ற வரிசையில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரிச் சீட்டு: "முற்றம் 6 மீட்டர், டிசம்பரில் தரைக்கு வெயில் இல்லை." இப்படி எழுதியிருந்தால் கோணல் ஓரத்தை யாரும் பேச மாட்டார்கள், ஆறு மீட்டரைப் பற்றிப் பேசுவார்கள். டிசைனோடு தொடர்பு அறுந்துபோன மாடல்களை, எவ்வளவு நேரம் போட்டிருந்தாலும், மேஜைக்கு அடியில் வையுங்கள்.

பழைய மாடல் எல்லாம் ரூமை அடைக்குது. தூக்கிப் போடலாமா?

ப்ராஜெக்ட் முடியும்வரை வேண்டாம். கைவிட்டதுதான் கடைசி வாரத்தில் திரும்பி வரும். முடிந்த பிறகு நாலு பக்கமும் மேலிருந்தும் படமெடுத்து, தேதியும் ஸ்கேலும் குறித்துக்கொண்டு, டிசைன் திசை மாறிய இடத்தில் இருந்த ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சைட் பேஸின் பலகையையும் வெட்டாத அட்டைகளையும் கழற்றி எடுத்து ஜூனியர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.